இரண்டு மணி ரீடிங்

பதினோரு மணி ரீடிங் எழுதிக்கொண்டிருந்தபோது பேனல் மேசையில் இருந்த போன் அடித்தது. பாகூரிலிருந்து ஒரு லைன்மேன் பேசினார். "மீட்டர் சகாயம் காலையில தவறிட்டாருபா. ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க வூட்டுல," என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படி, எப்போது, எத்தனை மணிக்கு அடக்கம் என்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. லாக் ஷீட்டில் கட்டம் பாதி எழுதியபடி இருந்தது. அதை முதலில் முடித்தேன். பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

நம் சங்கத்து மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் இது அடங்காது. தேவசகாயத்தை உங்களில் பலருக்குப் பாகூர் கொம்யூன் பகுதியின் மீட்டர் ரீடராகத்தான் தெரியும். காக்கிப் பை, சைக்கிள், யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். அதற்கு முன் அவர் என்னவாக இருந்தார், ஏன் மீட்டர் ரீடர் ஆனார் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பழையவர்களுக்குத் தெரிந்தது தப்பு. சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார்.

உயிரோடு இருந்தவரை அவரை நான் வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவர் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த மரியாதையைக் கொடுத்திருக்க வேண்டிய காலத்தில் கொடுக்காதவன் இப்போதாவது கொடுக்கட்டும்.

எங்கள் சப்ஸ்டேஷன் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், நாலு பக்கமும் நெல் வயல் சூழ நின்றது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பெரிய லைன் ஒன்று வரும். அதில் வருகிற கரண்டைப் பிரித்து ஊர்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் அனுப்புவது எங்கள் வேலை. மணிக்கு ஒரு தரம் பேனலில் இருக்கும் மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஒரு மணிக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு நம்பர்.

எழுபதுகளின் நடுவில்தான் பெரிய லைனின் லோடு மீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. படபடவென்று அடிக்கிற ஆட்டம் இல்லை. நிதானமாக மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் பிடிக்கும். கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத் தானாக அடங்கிவிடும். நாங்கள் யாரும் பயப்படவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே கஷ்டம், ஆடுகிற முள்ளுக்கு என்ன நம்பர் எழுதுவது என்பதுதான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். முள் முப்பத்திரண்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஆடினால் முப்பத்தாறு. நடு நம்பர் என்று அதற்குப் பெயர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்களுக்கு மூத்த ஆபரேட்டர் ஒருவர். எங்கள் சப்ஸ்டேஷனில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சகாயம் மட்டும் நடு நம்பர் எழுத மாட்டார். கட்டத்துக்குள் ஒரு சாய்வுக்கோடு போட்டு இரண்டு முனையையும் எழுதுவார். ஓரத்தில் நிமிஷத்துக்கு எத்தனை ஆட்டம் என்று பொடி எழுத்தில் குறிப்பார். அதை வாட்ச் வைத்து எண்ணுவார். ஒருநாள் எங்கள் அதிகாரி ஏ.இ. அவரைக் கூப்பிட்டு ஷீட்டை மேசைமேல் வீசினார். மேலாபீஸில் டைப் அடிக்கிறவர் எந்த நம்பரை எடுப்பார், உனக்கு ஒரு நம்பர் எழுதத் தெரியாதா என்று கேட்டார். சகாயம் ஷீட்டை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார்.

"நிக்கிறது மட்டும்தான் நம்பராபா? ஆடுறதும் நம்பர்தான்."

நான் சிரித்தேன். அன்றிலிருந்து அவர் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி அதில் எழுதிவந்தார். ஷீட்டில் எழுதச் சொன்னதை எழுதுவார், உண்மையை நோட்டில் எழுதுவார். நாங்கள் அதைச் சகாயம் ஜாதகம் என்று கேலி செய்தோம். நான்தான் அதிகம் செய்தேன்.

அவர் ஊரில் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பெரிய அண்டாவின் இரண்டு காதிலும் கயிறு கட்டி, கழியில் கோத்து நானும் அவரும் தூக்கினோம். நாலு எட்டு வைத்ததும் உள்ளே தண்ணீர் ஆட ஆரம்பித்தது. எட்டு வைக்க வைக்க ஆட்டம் பெரிதாகி என் வேட்டியெல்லாம் நனைந்தது. நான் சட்டென்று நின்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிந்தியது. அவர் பின்னாலிருந்து நடையை மாற்றச் சொன்னார். ஒரு எட்டைச் சின்னதாக வைத்து, அடுத்ததைத் தள்ளி வைத்ததும் தண்ணீர் அடங்கிவிட்டது. நம் லைனும் இப்படித்தான் என்றார். அந்தக் கோடியில் மெஷின்கள், இந்தக் கோடியில் நாம், நடுவில் நீளமான லைன். எங்கேயோ யாரோ தண்ணீரின் ஆட்டத்துக்குத் தோதாகவே எட்டு வைக்கிறார்கள், அதனால் ஆட்டம் பெருகுகிறது என்றார். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றவர். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

நோட்டில் அவர் இன்னொன்றும் பார்த்துவைத்திருந்தார். பம்புசெட்டுகளுக்கு அப்போது முறை வைத்துத்தான் கரண்ட். பகல் முறை பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடியும். ஆட்டம் இருக்கிற நாட்களில், நாலு மணிக்கு அவர் பம்புசெட்டுகளுக்குப் போகிற ஃபீடர் லைன் இரண்டையும் நிறுத்தினால் ஆட்டம் அடங்கிவிடும். எத்தனையோ நாள் அப்படிப் பார்த்து எழுதியிருந்தார். ஆகவே ஆட்டம் கைமீறிப் போனால் அந்த இரண்டு ஃபீடரையும் நிறுத்திவிட்டால் போதும் என்று முடிவு கட்டிவைத்திருந்தார். மேலாபீஸுக்கு இதை எழுதிக்கூடப் போட்டார். பதில் வரவில்லை.

அந்தக் கோடைநாளில் காலை ஷிப்ட் என்னுடையது. பன்னிரண்டு மணிக்கே முள் ஆடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து என்று எழுதினேன். ஒரு மணிக்கு இன்னும் அதிகம். முப்பத்தாறு என்று எழுதினேன். இரண்டு மணிக்கு முள் முப்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் போய் வந்தது. அவ்வளவு பெரிய ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்கும் முப்பத்தாறு என்று எழுதினேன். நடு நம்பர் அதுதானே.

ஷிப்ட் மாறும்போது இரண்டு மணி ரீடிங்குக்குக் கீழே போகிறவரும் வருகிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். சகாயம் வந்ததும் முள்ளைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார். "இன்னாபா இது?" என்றார். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான். எனக்கு வீட்டில் அவசரம் எதுவும் இல்லை. பசி, அவ்வளவுதான். போட்டுவிடு, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று பேனாவை அவர் கையில் திணித்தேன். எத்தனையோ மாதம் யார் சொல்லியும் கேட்காதவர், ஒரு நண்பன் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்பதற்காக அன்று என் முப்பத்தாறுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

நான் போன பிறகு ஆட்டம் அடங்கவில்லை, பெருகியது. மெயின் கண்ட்ரோலுக்குப் போன் போட்டிருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. ஏ.இ. சாப்பிடப் போயிருந்தார். லைட்டெல்லாம் மங்கி மங்கி எரிந்திருக்கிறது. பெரிய லைன் அறுத்துக்கொண்டு போனால் மாநிலம் முழுக்க இருண்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு இருபதுக்கு யாரையும் கேட்காமல் பம்புசெட் ஃபீடர் இரண்டையும் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் முள் அடங்கியது.

ஏ.இ. தன் ஆபீஸுக்குத் திரும்பி வந்து போனில் கத்தினார். யாரைக் கேட்டு நிறுத்தினாய், உடனே போடு என்றார். சகாயம் கெஞ்சியிருக்கிறார். காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பன்னிரண்டு ஊருக்கு ஒரு லைன்மேன். அவரை எதிர்பார்த்தால் பயிர் காய்ந்துவிடும். அதனால் முறை முடிந்து கரண்ட் நின்றதும் ஊர்க்காரர்களே டிரான்ஸ்பார்மரில் ஏறி, கருகின பீஸ் கம்பியை மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். மணி பார்க்க மாட்டார்கள். கரண்ட் நின்றுவிட்டால் முறை முடிந்தது என்று அர்த்தம். நாலு மணிவரை அப்படியே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு ஆள் அனுப்பிவிட்டுப் போடுகிறேன் என்று சகாயம் கேட்டார். ஏ.இ. ஒத்துக்கொள்ளவில்லை. சகாயம் கால் மணி நேரம் தள்ளிப்போட்டுப் பார்த்துவிட்டு ஃபீடரைப் போட்டார்.

செலியமேட்டில் கலியபெருமாள் என்பவர் அப்போது டிரான்ஸ்பார்மர் மேலே இருந்தார். குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவர். கருகிய பீஸை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் செத்துப்போனதைச் சைக்கிளில் ஓர் ஆள் வந்து சொல்லும்போது மணி நாலு. சகாயம் நாற்காலியில் உட்காரவே இல்லை, ஷிப்ட் முடியும்வரை பேனல் முன்னால் நின்றுகொண்டே இருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் சகாயம் எனக்காகக் காத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"முள்ளு ஆடுச்சுன்னு மட்டும் சொல்லுபா. நீ பார்த்தத சொன்னா போதும்."

பொய் ரீடிங் எழுதியதாக ஆகும், என் வேலை போய்விடும் என்றேன். எல்லோரும் எழுதுவதுதானே என்று அவர் வாதாடவில்லை. "சரிபா. டீ ஆறிடப் போகுது, குடி," என்றார். நான் குடித்தேன். அந்த டீயைக் குடித்த வாய் இது.

மறுநாள் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். என் ஷிப்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். ரீடிங்கில் உள்ளதுதான் சார் என்றேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தாறு. இதைவிட அமைதியான லைன் உலகத்தில் கிடையாது. சகாயத்தின் நோட்டு பிறகு எழுதிச் சேர்த்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு மணிக்கு நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று அவரிடம் ஷீட்டைக் காட்டினார்கள். கையெழுத்து என்னுடையதுதான் சார் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவே இல்லை. காரணமில்லாமல் ஃபீடரை நிறுத்தி ஒரு சாவுக்கு வழிசெய்த ஆபரேட்டர் என்று எழுதி, அவரை மீட்டர் ரீடராக இறக்கிப் பாகூருக்கு அனுப்பினார்கள். அவர் பார்க்க வேண்டிய ஊர்களில் செலியமேடும் ஒன்று.

சில வருஷம் கழித்து ஒரு முற்பகலில் ஆட்டம் யாருக்கும் அடங்காமல் பெரிய லைன்கள் ஒவ்வொன்றாகப் போய், தெற்கே பெரும்பகுதி இருண்டது. பிறகுதான் மேலே இருந்தவர்கள் விழித்தார்கள். ஓர் ஆராய்ச்சி இன்ஜினீயர் ஊர் ஊராகப் பழைய லாக் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்தபோது சலித்துப்போயிருந்தார். எங்கே போனாலும் சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று இருக்கிறது, இத்தனை வருஷம் ஆடியதற்கு ஒருவரிடமும் ஒரு தடயமும் இல்லை என்றார். எனக்குச் சகாயத்தின் நோட்டு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய். அது என்னை விட்டுப் போனதே இல்லை.

பாகூர் ஏரிக்கரையில் ஒரு பம்புசெட் கொட்டகைக்கு வெளியே அவரைப் பிடித்தோம். பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த நோட்டை இன்ஜினீயர் நின்றபடியே கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பெரிய மின்நிலையத்தில் வோல்டேஜைப் பிடித்துவைக்கப் புதிதாக வேகமான கருவிகள் மாட்டினார்களாம். நோட்டில் ஆட்டம் தொடங்கிய மாதமும் அவை மாட்டிய மாதமும் ஒன்று. அந்தக் கருவிகள் ஆட்டத்தை அடக்குவதற்குப் பதிலாக, நேரம் தப்பித் தள்ளி அதை வளர்த்துவிடுகின்றன என்று விளக்கினார். இனி ஆட்டத்தை உணர்ந்து அதற்கு எதிராகத் தள்ளுகிற கருவி ஒன்றைக் கூடச் சேர்க்கப் போகிறோம் என்றார். "நடைய மாத்தப்போறீங்க," என்றார் சகாயம். அவர் முகத்தில் அன்று கொஞ்சம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அன்று ஆட்டம் அடங்கியது தான் ஃபீடரை நிறுத்தியதால்தானே என்று. இன்ஜினீயர் நல்ல மனிதர். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். உங்கள் இரண்டு ஃபீடர் இந்தப் பெரிய லைனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார். நாலு மணிக்கு ஆட்டம் அடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், சரிதான். அந்த நிமிஷத்தில் தமிழ்நாடு முழுக்க எல்லா சப்ஸ்டேஷனிலும் முறை முடிகிறது, எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிறார்கள், அதனால்தான் அடங்கியது, உங்கள் சுவிட்சால் இல்லை என்றார். தன் பையிலிருந்து மின்நிலையத்தின் அந்த நாள் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். அன்று இரண்டு இருபத்தொன்றுக்குப் பெரிய மின்நிலையத்தில் உற்பத்தியைக் குறைத்திருந்தார்கள். அதுதான் காரணம்.

சகாயம் கரையில் உட்கார்ந்துவிட்டார். மீட்டர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கலியபெருமாளு சும்மாவே செத்துட்டாரு," என்றார்.

அதுவரை அவர் எதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டினாரோ அதையும் நானும் இன்ஜினீயரும் போய்ப் பிடுங்கிவிட்டோம். நோட்டு இரண்டு மாதம் கழித்துப் பிரவுன் தாள் அட்டை போட்டு, நன்றிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. விசாரணை முடிவை யாரும் மாற்றவில்லை. இப்போது முள் ஆடினால் இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றுவிடுகிறது. நீங்கள் நிம்மதியாக ஒரே நம்பர் எழுதுகிறீர்கள். அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அடக்கத்துக்குப் போனேன். நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதம் இழுத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. அவர் மனைவி ஆரோக்கியமேரி பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கலியபெருமாளின் மனைவி தனலட்சுமி என்று சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டு, அவரோடு வேலை பார்த்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல மீட்டர் பாக்க வந்தப்ப நான் கேட்டேன், நிறுத்துனது யாரு, போட்டது யாருன்னு. ரெண்டும் நான்தாம்மான்னாரு. வேற ஒரு பேர சொல்லல. நானும் எத்தினியோ வருசம் அவர வாசல்லயே நிக்க வச்சேன். கடசியிலதான் உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சாரு." பிறகு, "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

பஸ்ஸில் என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. நானும் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும்.

சகாயத்திடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், நோட்டு இல்லை, அது ஆரோக்கியமேரியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த நாளின் லாக் ஷீட்டுடைய கார்பன் காப்பி. என் கையெழுத்தும் அதற்குக் கீழே அவர் கையெழுத்தும் உள்ள தாள். இத்தனை வருஷம் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கலியபெருமாள் சும்மா செத்தார் என்றார் சகாயம். அதில் மட்டும் அவர் சொன்னது தப்பு. நானும் என்னைப் போல எல்லா ஊர் ஆபரேட்டர்களும் அத்தனை மாதம் பார்த்ததை எழுதியிருந்தால், அந்தக் கருவியின் கோளாறு அந்தக் கோடைக்கு முன்பே தெரிந்திருக்கும். கலியபெருமாள் சும்மா சாகவில்லை. நாங்கள் எழுதிய நடு நம்பரால் செத்தார். இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதியைச் செலியமேட்டுக்கு நானே கொண்டுபோய் அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டுவேன். வாசலில் நிறுத்தினால் நிற்பேன். மேலாபீஸுக்கும் ஒரு பிரதி போகும், என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி.

வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் சகாயம் என்னிடம் கேட்டது ஒரு வரிதான். அதை இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அன்று இரண்டு மணிக்கு முள் முப்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஆடியது. நான் பார்த்தேன்.